மொதலாளியின் தலை அளவு

பெரியதம்பி நுவரெலியா பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஆணி, கொண்டி, தகரம், மண்வெட்டிப் பிடி என்று முப்பது வருஷம் விற்றவருக்கு, ஐம்பத்தெட்டாவது வயதில் துரையாகிவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆளில்லாமல் கிடந்த பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கணப்புக்கு முன்னால் தோல் நாற்காலி போட்டு, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாக்கினார். யாராவது ஹோட்டல் என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கும். "பங்களான்னு சொல்லுங்க" என்பார். பங்களா என்றால் குதிரை இல்லாமல் எப்படி? பந்தயத்தில் ஓடி ஓய்ந்த நான்கு குதிரைகளை வாங்கி வந்து கட்டினார். கடைசியில், வேலைக்காரர்கள் இனிமேல் தன்னைத் 'தொரை' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஓர் உத்தரவும் போட்டார்.

எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். குதிரைகளைப் பார்த்துக்கொண்ட லோஜினி மட்டும் பழையபடி 'மொதலாளி' என்றாள். கேட்டால், "வாயில வர மாட்டேங்குதுங்க மொதலாளி" என்பாள்.

லோஜினி அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் வீட்டு வேலைக்கென்று கொழும்புக்குப் போனாள். போன வீட்டுக்காரர்கள் குதிரைச் சவாரிப் பள்ளி நடத்தியதால் அடுப்படியிலிருந்து குதிரை லாயத்துக்கு மாற்றப்பட்டாள். லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், ஆனால் லாயத்துக் கூரை ஒழுகாது என்று அவளே சொல்வதுண்டு. எட்டு வருஷத்தில் குதிரையைக் குளிப்பாட்டவும், பழக்கவும், அதன்மேல் ஏறிப் பாயவும் கற்றுக்கொண்டாள். விழுந்தவர்களைத் தூக்கியும் இருக்கிறாள். அம்மாவுக்கு முட்டிவலி வந்து கொழுந்து பறிக்க முடியாமல் போனபோது ஊருக்குத் திரும்பியவளைப் பெரியதம்பி உடனே சேர்த்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலுள்ள சுற்றுலாக் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. குதிரைச் சவாரிக்கென்றே செய்த, தரச் சான்றுள்ள ஹெல்மெட் இல்லாத இடத்துக்குத் தங்கள் ஆட்களை அனுப்ப முடியாது, சித்திரை சீசனுக்கு முன் நேரில் வந்து பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

பெரியதம்பி கவலைப்படவில்லை. மறுநாளே அவருடைய கடைப் பையன்கள் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஆறைக் கொண்டுவந்து வராந்தாவில் அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் அரக்கு நிறப் பெயின்ட் அடித்திருந்தது. பங்களாவின் திரைச்சீலையும் அரக்கு நிறம். அந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்தவள் அவருடைய மனைவி சிவகாமசுந்தரி.

"எப்புடி இருக்கு?" என்றார் பெரியதம்பி.

"பைக்குக்கு நல்லா இருக்கும்ங்க," என்றாள் லோஜினி.

"தலை ஒண்ணுதானே. பைக்குல போனா என்ன, குதிரையில போனா என்ன?"

"குதிரை குலுக்குற குலுக்குல இந்தக் கனம் கழுத்தைப் பிடிச்சு இழுக்கும்ங்க. காதும் மூடிக்கும். நான் நிறுத்துங்கன்னு கத்துனா அவங்களுக்குக் கேக்காது."

அன்றைக்குத் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவருக்கு அதை மாட்டி அனுப்பிப் பார்த்தார்கள். பங்களா வாசலைத் தாண்டுவதற்குள் பனிமூட்டத்தில் முகக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. அந்த மனிதர் கண் தெரியாமல் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி சவாரி முடித்துத் திரும்பினார். இறங்கியதும் பெரியதம்பியின் கையைக் குலுக்கி, மூடுபனி மிக அழகாக இருந்தது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து சிவகாமசுந்தரி பொறுப்பேற்றாள். போனில் இரண்டு நாள் தேடி, கறுப்பு வெல்வெட் போர்த்து, முன்னால் சிறிய விளிம்பும் உச்சியில் ஒரு குமிழும் வைத்த தொப்பிகளை வரவழைத்தாள். உண்மையிலேயே அழகாக இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்த லோஜினி, உள்ளே பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரல் போன பக்கமெல்லாம் தொப்பியும் போனது. உள்ளே மெத்தை இல்லை, தரச் சான்றின் சீட்டு இல்லை. தாடைப் பட்டிக்குப் பதிலாகப் பாவாடை நாடா அகலத்தில் ஒரு ரப்பர் நாடா இருந்தது.

"இது ஹெல்மெட் இல்லீங்கம்மா. போட்டோவுக்குப் போடுற தொப்பி."

"வெள்ளைக்கார தொரைமாரு இதைத்தான் போட்டுக்கிட்டுப் போவாங்க. படத்துல பார்த்திருக்கேன்," என்றாள் சிவகாமசுந்தரி.

"அவங்க விழுந்த படம் யாரும் எடுத்திருக்க மாட்டாங்கம்மா."

பெரியதம்பி கேட்டுக்கொண்டிருந்தார். "ஒனக்குக் கொழும்புல இருந்துட்டு வந்த திமிரு, லோஜினி. எதையும் நல்லாருக்குன்னு சொல்ல வராது," என்றார். அத்தோடு விளம்பரத்துக்கு ஒரு படம் எடுக்கவும் தீர்மானித்தார். வெல்வெட் தொப்பியோடு, வெள்ளைக் குதிரையின் மேல், தேயிலை மலைக்கு முன்னால், தானே.

வெள்ளைக் குதிரையின் பெயர் கேப்டன். பத்தொன்பது வயது, அசமந்தம். லோஜினியும் இன்னொரு குதிரைக்காரரான செல்லசாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மொதலாளியை ஏற்றிவிட்டார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக் கீழே, ரோட்டு வளைவில் குதிரை நின்றது. மேலே கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவும் மற்றப் பெண்களும் கூடையோடு வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். படம் பிடிக்க வந்தவன், குதிரையைப் பிடித்திருந்த லோஜினி படத்தில் விழுவதாகச் சொன்னான்.

"கையை விட்டுட்டுத் தள்ளி நில்லு," என்றார் பெரியதம்பி.

"வேணாங்க மொதலாளி."

"தள்ளி நில்லுன்னா நில்லு."

தள்ளி நின்றாள். அந்த நேரம் பார்த்துக் காற்று வந்து, கொட்டகைக் கூரையில் கட்டியிருந்த பொலித்தீன் படாரென்று அடித்தது. கேப்டன் பாயவெல்லாம் இல்லை. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தது, அவ்வளவுதான். பெரியதம்பி நகரவில்லை. குதிரை இருந்த இடத்திலேயே அந்தரத்தில் ஒரு கணம் இருந்துவிட்டு, அப்படியே ரோட்டோர மழைத்தண்ணீர்க் கானுக்குள் இறங்கினார். நாடா அறுந்து தொப்பி முன்கூட்டியே பறந்து தேயிலைச் செடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய தலை கானின் கல் விளிம்பில் பட்டது.

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். லோஜினி கானுக்குள் குதித்து, அவருடைய தலையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டாள். துண்டால் காயத்தை அழுத்தியபடி வேன் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணை மூடப் பார்த்தபோதெல்லாம் கடையில் எத்தனை விதமான ஆணி இருக்கிறது என்று கேட்டாள். சரியாகச் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். தலையில் என்ன போட்டிருந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பெரியதம்பி ஹெல்மெட் என்றார். காட்டச் சொன்னதும், லோஜினி பையிலிருந்து தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதை வெற்றிலை மடிப்பதுபோல இரண்டாக மடித்து, அவருடைய மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கட்டு அவிழ்த்த வாரமே பெரியதம்பி லோஜினியைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். சவாரிச் சாமான் விற்கும் கடையில் ஹெல்மெட்டுகள் வரிசையாக இருந்தன. பெரியதம்பி கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டு, இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். கடைக்காரப் பெண் தையல்காரரின் டேப்பை எடுத்துப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துச் சுற்றி அளந்தாள். ஐம்பத்தைந்து சென்ரிமீற்றர்.

"அது சின்னப் புள்ளைங்க அளவு மாதிரி இருக்கே," என்றார் பெரியதம்பி.

"தலைன்னா அது பாட்டுக்கு ஒரு அளவு இருக்கும்ங்க," என்றாள் லோஜினி.

"டேப்பு இழுத்துப் போயிருக்கும். அறுபது குடும்மா."

அறுபதைப் போட்டார். லோஜினி அவரைக் குனிந்து தலையை ஆட்டச் சொன்னாள். ஆட்டினார். ஹெல்மெட் மூக்குவரை இறங்கி நின்றது. உள்ளேயிருந்து, "கொஞ்சம் லூஸ்தான்," என்று குரல் மட்டும் வந்தது.

பிறகு அவளிடமே விட்டுவிட்டார். நெற்றியிலும் பிடரியிலும் ஒரே மாதிரி இறுக்கமாக உட்கார வேண்டும், ஆனால் நெற்றி வலிக்கக்கூடாது. தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும், ஹெல்மெட் தனியாக நழுவக்கூடாது. பட்டி இரண்டும் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் பட்டிக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி, உள்ளே தரச் சான்றின் சீட்டையும் செய்த வருஷத்தையும் படித்தாள். விலை குறைத்துத் தருவதாகக் கடைக்காரப் பெண் காட்டிய பழைய சரக்கை ஓரமாக நகர்த்தினாள். விருந்தாளிகளுக்கு வெவ்வேறு அளவில் ஐந்து, மொதலாளிக்கு ஒன்று என்று ஆறு கட்டியாகிவிட்டது.

"எனக்கும் செல்லசாமி அண்ணனுக்கும்?" என்று கேட்டாள்.

பெரியதம்பி சிரித்தார். "ஒங்களுக்கு எதுக்கு? நீங்கதான் குதிரையோடயே கெடக்கிறவங்களாச்சே. விழ மாட்டீங்க. வேணும்னா அந்த வெல்வெட்டுத் தொப்பி சும்மாதான் இருக்கு. யூனிபோர்ம் மாதிரி எடுப்பா இருக்கும்."

தனக்கு மடித்துக் காட்டப்பட்ட தொப்பியைத்தான் அவர் சொல்கிறார் என்பது அவருக்கே உறைக்கவில்லை. லோஜினி திரும்பும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கானுக்குள் தன் கையில் கிடந்த தலை மொதலாளியுடையது. அதற்கு ஒரு விலை இருக்கிறது, தன் தலைக்கு ஒரு பழைய தொப்பி போதும் என்று அந்தத் தலையே முடிவு செய்திருக்கிறது.

மறுநாளிலிருந்து அவள் குதிரையில் ஏறவில்லை. விருந்தாளிகளுக்கு ஹெல்மெட் மாட்டி, ஏற்றிவிட்டு, தான் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். செல்லசாமிக்கு இது பிடிக்கவில்லை. ஹெல்மெட் என்பது சவாரி தெரியாதவர்களுக்கு என்பது அவருடைய எண்ணம், தலையில் கம்பளிக் குல்லாவே அவருக்குப் போதும். ஆனாலும், "அந்த ஆளு சொன்னது தப்புத்தான்," என்று அவரும் இறங்கி நடந்தார். பெரியதம்பி கத்திப் பார்த்தார், வேறு ஆள் வைப்பேன் என்று மிரட்டினார். குதிரை பழக்கிய ஆள் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

பத்தாம் நாள் சுற்றுலாக் கம்பெனியிலிருந்து திலினி என்ற பெண் பரிசோதனைக்கு வந்தாள். ஹெல்மெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினாள். பெரியதம்பிக்கு மார்பு அகன்றது. பிறகு அவளும் ஒரு குதிரையில் ஏறினாள். லோஜினி கயிற்றைப் பிடித்து நடந்தாள். தூறல் தொடங்கியது. மேல் மலை வளைவு வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. திலினி பொறுமை இழந்து, நீ ஏன் குதிரையில் வரவில்லை, ஓடவிடலாமே என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்கு ஹெல்மெட் இல்லை, வாங்கித் தரவில்லை என்று லோஜினியும் சிங்களத்திலேயே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

திலினி குதிரைமேல் இருந்தபடியே போனில் ஏதோ எழுதிக்கொண்டாள். வழிகாட்டி விழுந்துவிட்டால் எங்கள் ஆட்களை யார் காட்டிலிருந்து கூட்டி வருவது என்று மட்டும் பெரியதம்பியிடம் கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கும் லோஜினியின் தலையைப் பற்றிப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரமே இன்னும் இரண்டு ஹெல்மெட் வந்து சேர்ந்தன. கூடவே வாசலில் ஒரு பலகையும் முளைத்தது. ஊழியர் பாதுகாப்பே தங்கள் உயிர்மூச்சு என்று மூன்று மொழியில் எழுதி, கீழே பெரியதம்பியின் படம் போட்டிருந்தது.

செல்லசாமிக்குக் குல்லாவைக் கழற்ற வைப்பதுதான் கடைசி வேலையாக இருந்தது. குல்லாவுக்கு மேலேயே மாட்டிக்கொள்கிறேன் என்றார். அப்படியானால் அளவு தப்பாகும் என்று லோஜினி விடவில்லை. முணுமுணுத்தபடி வெறுந்தலையில் மாட்டிக்கொண்டு காலைச் சவாரிக்குப் போக ஆரம்பித்தார்.

சித்திரை முடிந்து மழை பிடித்த ஒரு காலையில், பாசி பிடித்த இறக்கத்தில் அவருடைய குதிரை கால் வழுக்கி முட்டி போட்டது. செல்லசாமி முன்னால் தூக்கி எறியப்பட்டு, தலை கல்லில் பட விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்த லோஜினியிடம், "குதிரைக்கு அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டார். எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். வேண்டாம் என்றவரை அவள் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஒன்றுமில்லை என்று மாலையில் திரும்பி வந்தார்.

பெரியதம்பி லாயத்துக்கு வந்து அந்த ஹெல்மெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் நகக்கண் அளவு சிராய்ப்புத்தான் இருந்தது.

"புதுசு மாதிரி இருக்கே. தொடைச்சு வையி. விருந்தாளிங்களுக்கு ஆகும்."

"ஒரு தடவ அடி வாங்கிட்டா அவ்வளவுதாங்க. உள்ள நொறுங்கியிருக்கும், வெளிய தெரியாது."

"வெளிய தெரியலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

லோஜினி அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். கடிவாளத் தோல் வெட்டும் கத்தியை ஆணியிலிருந்து எடுத்து, பட்டி இரண்டையும் அவர் கண் முன்னாலேயே அறுத்துப் போட்டாள்.

"இனிமே யாரும் போட முடியாதுங்க," என்றாள். "செல்லசாமி அண்ணனுக்குத் தலை அளவு ஐம்பத்தெட்டு. நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க."