எம்.டி.யின் ஒத்திகை நாள்

எம்.டி.க்குச் சக்கர நாற்காலியில் உட்கார ஆசை வந்துவிட்டது. கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. பத்திரிகையில் படம் வந்து நாளாகிவிட்டது, அதுதான் குறை. போன வருஷம் மரம் நட்டார். அதற்கு முந்தின வருஷம் ரத்ததானம். படம் எடுத்து முடித்ததும் ஊசிக்கு முன்னாலேயே எழுந்துவிட்டதாகக் கேள்வி. இந்த வருஷம் மாற்றுத்திறனாளிகளின் முறை.

மாற்றுத்திறனாளிகளுக்கான 'வழித்துணை' அமைப்பின் தலைவிக்கு அவர் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தபோது அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். கூட வேலை செய்யும் பெண்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆளின் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிறவள் ஆயிற்றே!

அவளும் சக்கர நாற்காலிக்காரிதான். ஒரு காலத்தில் எம்.டி.யின் கம்பெனியிலேயே கணக்குப் பிரிவில் இருந்தாள். அங்கே கழிப்பறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகல். அகலப்படுத்தித் தரும்படி கேட்கப் போனவளிடம், "ஒருத்திக்காக சுவத்த இடிக்கச் சொல்றியாம்மா? வீட்டுலயே போயிட்டு வந்துடேன்" என்று எம்.டி. சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மாதச் சம்பளக்காரர்கள் வேறென்ன செய்வார்கள்? நாள் முழுக்க அடக்கி அடக்கி, சிறுநீரகத்தில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, வேலையை விட்டாள்.

அப்புறம்தான் வழித்துணை. அங்கே உடல் குறைபாடுள்ள இளைஞர் ஒவ்வொருவருக்கும் அதே பாட்டைப் பட்டுத் தேறிய ஒரு பெண் துணை. வேலையில் சேருமுன் அந்த ஆபீசுக்கே போய், வாசற்படி முதல் கழிப்பறை வரை நாற்காலியை விட்டு எழாமல் புழங்கிப் பார்ப்பார்கள். அதற்கு 'ஒத்திகை நாள்' என்று பெயர். திங்கட்கிழமை எம்.டி.யின் கம்பெனியில் சேரப்போகிறவள், தலைவியே துணையாக இருந்து வளர்த்தெடுத்த பெண். வழித்துணையில் எல்லோருக்கும் அவள் 'வாயாடி'. கதவைப் பற்றித் தலைவி இரண்டு முறை எழுதிக் கேட்டதற்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இந்த லட்சணத்தில், ஒத்திகையைத் தானே செய்யப்போவதாக எம்.டி. அறிவித்திருந்தார், டி.வி.க்காரர்கள் முன்னிலையில், நேரலையில்.

"சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, சார்" என்றாள் தலைவி, அன்று காலை அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும்.

"அவங்க வலிய நான் அனுபவிக்கணும்!" என்றார் எம்.டி., கேமராவைப் பார்த்து.

"அப்ப இந்தாங்க சார், ஜூஸ்" என்றாள் வாயாடி. அதை முடித்ததும் இன்னொன்று நீட்டினாள். புகழ்ச்சியோடு எது வந்தாலும் குடித்துவிடுகிறவர் அவர். மூன்றாவதையும் குடித்தார்.

கருணையைப் பற்றிய பேச்சின் நடுவில் அவர் குரல் கம்மியது. டி.வி.க்காரர் அதை உருக்கம் என்று நினைத்து கேமராவைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஐயாவுக்கு அவசரமா?" என்று தலைவி பி.ஏ.வைக் கேட்டாள், எம்.டி. அங்கே இல்லாத மாதிரி.

பி.ஏ. நாற்காலியை ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டு போனார். கதவில் முட்டியது. திருப்பித் தள்ளினார், எம்.டி.யின் விரல் நசுங்கியது.

"யோவ்! கண்ணு தெரியலயா?"

"கதவு சின்னது சார்."

கேமரா பின்னாலேயே வந்து நின்றது. எம்.டி.யின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தலைவி பக்கமாகக் குனிந்து, "இவங்கள வெளிய அனுப்பும்மா" என்று முனகினார்.

"நீங்க கூப்பிட்டவங்க சார். நான் யாரு அனுப்ப?"

"எழுந்துடவா?"

"தாராளமா. லைவ் ஓடிட்டுதான் இருக்கு."

தலைவியின் ஃபோனில் கூட்டாளிப் பெண்ணிடமிருந்து செய்தி வந்து விழுந்தது: 'டி.வி.ல பாத்துட்டிருக்கோம். போதும்டி, விட்டுடு.' படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். இரக்கம் வருகிறதா என்று உள்ளே ஒருமுறை தேடியும் பார்த்தாள். மருந்துக்கும் இல்லை.

"உனக்கு என்னதாம்மா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். திங்கக்கிழமை இவ வரா."

"நான் தினம் போறவ சார்" என்றாள் வாயாடி. "அதுல லீவெல்லாம் எடுக்கறதில்ல."

எம்.டி. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார்: "இடிங்கய்யா! இந்தச் சுவத்த இன்னைக்கே, இப்பவே இடிங்க!"

கூடி நின்ற ஊழியர்களின் கைதட்டல் கட்டடத்தை அதிரவைத்தது. கைதட்டலால் கதவு அகலுமா? அவர் துள்ளி எழுந்து உள்ளே பாய்ந்து தாழிட்டுக்கொண்டார். "நேயர்களே, எழுந்தே விட்டார்!" என்றார் டி.வி.க்காரர், குரல் தழுதழுக்க.

தலைவி மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கைகாட்டினாள். காலையிலேயே அவள் வரவழைத்து உட்கார வைத்திருந்த கொத்தனார் சுத்தியலும் உளியுமாக வந்தார். மூடிய கதவைப் பார்த்துத் தயங்கினார்.

"உள்ள பெரியவர் இருக்காரேம்மா?"

"அவர்தாண்ணே இப்பவே இடிக்கச் சொன்னாரு. ஊரே கேட்டுச்சு. ஆரம்பிங்க."

முதல் அடியில் நிலைச்சட்டத்தின் ஓரத்துப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஆள் இருக்கு! ஆள் இருக்குய்யா!" என்று உள்ளிருந்து அலறல் கேட்டது.

கொத்தனார் சுத்தியலை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

"ம்" என்றாள் அவள். "அடிங்கண்ணே."