அண்ணன் வயதை எட்டிய தம்பி

அந்த டியூஷன் சென்டரின் பலகையில் உரிமையாளரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'கணிதச் சக்கரவர்த்தி' என்றிருந்தது. பட்டம் கொடுத்தவர், வாங்கியவர், கைதட்டியவர் மூவரும் அவரே. அவருடைய ராஜ்யத்தில் ஒரு சட்டம் உண்டு: வாத்தியார்கள் புத்தகக் கணக்கைத் தொடக்கூடாது, சொந்த வீட்டு ஆட்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். "வீட்டுக் கணக்குதான்யா மண்டையில ஏறும்!" என்பார்.

புது வாத்தியாருக்கு அன்று சோதனைக் காலத்தின் கடைசி வகுப்பு. தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அண்ணன் செத்து நாற்பது நாள் ஆகிறது. அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் இப்போது இவரை நம்பித்தான் இருந்தார்கள். அழுகை வரும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவர் உட்பட. வாயில் வைப்பது உப்பா சர்க்கரையா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்றைய பாடம், வயதுக் கணக்கை எக்ஸ் போட்டு எழுதுவது. பின் பெஞ்சில் சக்கரவர்த்தியும் நாலு பெற்றோரும். வாத்தியார் வீட்டை நினைத்தார். கை தானாக எழுதியது.

'தம்பிக்கு 36. அண்ணனுக்கு 39. எத்தனை வருடத்தில் இருவர் வயதும் சமமாகும்?'

36 + x = 39.

அதில் அவருக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அண்ணன் இனி முப்பத்தொன்பதைத் தாண்டப் போவதில்லை.

"யோவ் வாத்தியாரே! தம்பி எந்த ஜென்மத்துலய்யா அண்ணனை எட்டிப் பிடிப்பான்?" என்றார் சக்கரவர்த்தி. பெற்றோர் சிரித்தார்கள்.

முன் வரிசைப் பெண் கேட்டாள்: "சார், மூணு வருஷமும் அண்ணன் சும்மா நின்னுக்கிட்டா இருப்பாரு?"

"ஆமாம்மா," என்றார் வாத்தியார்.

காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் பெற்றோர் 'அடடா' என்பார்கள், சக்கரவர்த்தி இரங்கல் உரை ஆற்றுவார். அதைக் கேட்கத் தெம்பில்லை.

"காலம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஓடும். என் பொன்மொழி, குறிச்சுக்குங்க," என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் சக்கரவர்த்தி கரும்பலகைக்கே வந்து குரலைத் தாழ்த்தினார். "திருத்துறியா, கிளம்புறியா?"

வாத்தியார் 39க்குப் பக்கத்தில் + x என்று எழுதினார். அண்ணனுக்கும் வருடங்கள் கூடின.

"சார், எக்ஸ் ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போச்சு," என்றாள் அந்தப் பெண். "விடையே இல்ல."

"இல்லைங்கிறதுதாம்மா விடை!" சக்கரவர்த்தி தானே கைதட்டினார். "பாத்தீங்களா, இதுதான் வாழ்க்கைக் கணக்கு! வாத்தியாரே, நாளையிலேர்ந்து நீ நம்ம ஆளு. அடுத்த கணக்கைப் போடு."

"சரிங்க சார்."

வாத்தியார் பலகையைத் துடைத்துவிட்டு, கணக்குக்கு வீட்டில் இன்னும் யார் பாக்கி என்று யோசித்தார்.