பெயரில்லாத மெஷின்

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றுதான் அருணாவுக்குத் தோன்றியது.

லேப்டாப்புக்குள் அவள் இன்னொரு கணினியை உருவாக்கி வைத்திருந்தாள். அவள் படித்த கணினிப் பாடத்தில் அதற்கு வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். நேற்றுவரை அது லேப்டாப்பின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி இணையத்துக்குப் போய்வந்தது. வெளியிலிருந்து யாரும் அதை எட்ட முடியாது. இன்று அதை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, வைஃபை பெட்டியிடமிருந்து அதற்கெனத் தனி முகவரி வாங்கியிருந்தாள். நான்கு மணிக்கு வேலைக்கான தேர்வு. சேலத்துக் கம்பெனி மேடம் வீடியோவில் பார்த்திருக்க, மெஷினுக்குள் இருக்கும் இணையப் பக்கத்தை அருணா தன் செல்போனில் திறந்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் சோளக்காடு என்ற இந்த மலையூரில் இருந்தபடியே சம்பளம்.

முகவரி வந்தது, பக்கமும் திறந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் முகவரி போய்விட்டது. புது முகவரி வாங்கினாள். அதையும் யாரோ பிடுங்கினார்கள். பழைய முறைக்கு மாற்றினால் மெஷின் சமர்த்தாக ஓடியது. தனியாகத் தலைகாட்டினால் மட்டும் அடி விழுந்தது.

ஜன்னலுக்கு வெளியே, சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால், பக்கத்துத் தோட்டத்துக் காளியண்ணன் குனிந்து கையில் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தார். போன வாரம்தான் வேலித் தகராறு. அருணாவுக்குச் சுருக்கென்றது. மணிவண்ணனைக் கூப்பிட்டாள். கணவன் வீட்டில் இல்லை, போனும் எடுக்கவில்லை.

அவள் செருப்பு மாட்டுவதற்குள் காளியண்ணனே வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனம்மணி, எங்க தண்ணிய எதுக்கு நிறுத்துனீங்க?"

"தண்ணியா? நீங்கதான எங்க வைஃபைல ஏறி என்னைத் தள்ளி உடறீங்க?"

"எதுல ஏறுனேன்? மொளகு பறிக்கவே ஏணிக்கு ஆள் வெச்சிருக்கேன் நானு." ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போனை நீட்டினார். "இதுல ஏற முடியுமான்னு நீயே பாரு சாமி."

அருணா போனைத் திருப்பிப் பார்த்தாள். இணையமே இல்லாத போன்.

அந்நேரம் மணிவண்ணன் முழங்கால்வரை சேற்றோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தான். "அருணா! காலையிலருந்து பேரே இல்லாத ஒரு திருடன் நம்ம வைஃபைல ஏறறான். நானும் போன்லயே தடுத்துத் தடுத்துப் பாக்கறேன், வேற வேற வேசத்துல வரான். வேற யாரு, அந்தக் காளியண்ணன்தான். ஊத்துக்கே போயி அவரு தண்ணி ஓஸ் பைப்பக் கழட்டி உட்டுட்டு வாரேன்!"

யார்மேல் சந்தேகமோ அவர் வீட்டுத் தண்ணீரை முதலில் நிறுத்துவது ஒரே ஊற்றை நம்பியிருந்த அந்த நாலு வீடுகளின் வழக்கம். விசாரணை பிறகுதான்.

"கும்புடறனுங்க தம்பி," என்றார் காளியண்ணன், தூணுக்குப் பின்னாலிருந்து.

மணிவண்ணனின் முகம் செத்துப்போனது.

"அந்தத் திருடி நான்தானுங்க," என்றாள் அருணா. "லேப்டாப்புக்குள்ள இருக்கற மெஷினுக்குத் தனி முகவரி வாங்குனேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? போனைக் குடுங்க."

"நீ மட்டும் என்கிட்டச் சொன்னியா?" முனகிக்கொண்டே கொடுத்தான்.

தடைகளை நீக்கி அவள் உட்காரவும் மேடத்தின் முகம் திரையில் வரவும் சரியாக இருந்தது. செல்போனில் பக்கம் திறந்தது.

"வேற போன்லயும் காட்டுங்க, பார்க்கலாம்."

மணிவண்ணனின் போனிலும் திறந்தாள். மேடம் ஏதோ குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை சேரச் சொன்னார்.

வெளியே மணிவண்ணன் தலையைத் தொங்கப்போட்டபடி மறுபடி ஊற்றுக்கு ஏறிக்கொண்டிருந்தான். பின்னால் காளியண்ணன், அவன் கைகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அருணா கதவைச் சாத்தினாள். கணவனின் போன் இன்னும் அவளிடம்தான் இருந்தது. வைஃபை பெட்டியில் தடை போடுவதற்கான கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டாள்.