ஓரடி மரமும் அரை டப்பா பச்சையும்

ஒன்பது வயது மகளின் விலை, இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள ஒரு தோட்டம் என்று முடிவாயிற்று. விலையைச் சொன்னது மகளேதான்.

மற்றதெல்லாம் அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. பிரியப்போகும் புருஷன் பெண்டாட்டியில், பெண்டாட்டியின் அண்ணன் துணிக்கடைக்காரர். பதினோரு வருட இல்லறத்தை மீட்டர் துணி கிழிப்பதுபோல ஒரே இழுப்பில் நேராகக் கிழித்துக் கொடுத்தார். கட்டில் அவளுக்கு, பீரோ அவனுக்கு. குறடு அவளுக்கு, மிக்சி அவனுக்கு. மகள் குட்டி யாருக்கு என்ற இடத்தில்தான் துணி சிக்கிக்கொண்டது.

அவளைக் கடைத்தெருவில் எல்லோரும் கம்பி என்பார்கள். அவனைத் தூள் என்பார்கள். பொம்மை வீடுகளுக்கு வாசல் தோட்டம் போடுவது இருவருக்கும் தொழில். செம்புக் கம்பியை முறுக்கி அடிமரமும் கிளையும் ஆக்குவது அவள் வேலை. ஸ்பாஞ்சைச் சாயத்தில் தோய்த்து, காயவைத்து, மிக்சியில் அரைத்துப் புல்லும் இலையும் ஆக்குவது அவன் வேலை. முட்டை ஓட்டை உடைத்துக் கல் பாவிய நடைபாதை போடுவான். பிசினை ஊற்றிக் குளம் கட்டுவான். மரம் அவனுக்கு வராது. முறுக்கினால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி வரும். அவளுக்குத் தரை வராது. அவள் போட்ட புல்வெளி ஒரு வாரத்தில் சொறி பிடித்ததுபோல் உதிரும். ஆளுக்கு ஒரு பாதி தெரிந்ததால்தான் கல்யாணமே நடந்தது.

அண்ணன் பேசவைத்துப் பார்த்த அந்தத் திங்கட்கிழமை, குட்டி நடுக்கூடத்தில் நின்று சொன்னாள்.

"ஊர்ல இருக்கற பொம்மை வீட்டுக்கெல்லாம் தோட்டம் போட்டீங்க. என் பொம்மை வீட்டு வாசல்ல மொட்டைப் பலகைதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல யாரு முழுசா ஒரு தோட்டம் தர்றாங்களோ, நான் அவங்க வீட்ல. இன்னொருத்தர் வீட்டுக்கு லீவு நாள்ல வருவேன்."

"ரெண்டு பேரும் குடுத்தா?" என்றார் மாமா.

"நல்லா இருக்கறத எடுத்துக்குவேன்."

"என் மருமகளா கொக்கா! கடைல கல்லாவுல உக்கார வெக்கலாம் போல இருக்கே" என்று மாமா தொடையில் தட்டினார். அப்பாவும் அம்மாவும் சிரிக்கவில்லை.

மாதக் கடைசி வரை இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே மேஜை. நடுவே ஒரு டேப்பை ஒட்டிக்கொண்டார்கள். டேப்புக்கு இந்தப் பக்கம் கம்பி, அந்தப் பக்கம் தூள். பேச்சு வார்த்தை நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. கம்பிக்கு இலை வேண்டும், தூளுக்கு மரம் வேண்டும். புதன்கிழமை வரை இருவரும் மூக்கு உடைபட்டாலும் கேட்பதில்லை என்று வீம்பு பிடித்தார்கள். வியாழன் காலையில் அவள்தான் ஒரு துண்டுச் சீட்டை டேப்பின் மேல் ஒட்டினாள்.

'கரும்பச்சை அரை. சனிக்கிழமை மதியத்துக்குள். கூலி: மரம் நாலு.'

அரை மணி நேரத்தில் கீழே இன்னொரு சீட்டு ஒட்டிக்கொண்டது.

'சரி. நாலும் ஓரடி மரமாக இருக்கட்டும்.'

அதைப் படித்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது, நல்ல விளக்கல்ல. அந்த மேஜையில் ஒரு சட்டம் உண்டு. பொம்மை வீட்டில் நிஜத்தின் ஒரு அடி ஓர் அங்குலமாகிவிடும். ஆகவே மேஜையில் அடி என்று சொன்னால் பொம்மையின் அடி. கடைக்கார அளவு வேண்டுமென்றால் 'நிஜ அடி' என்று சொல்ல வேண்டும். சட்டம் போட்டவன் அவனே. புதிதாக வரும் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பான். கோபத்தில் 'நிஜ' என்ற இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டான். ஒரு நிஜ அடி உயர மரம் நாலுதான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவள்போல நாலு கம்பித் துணுக்கை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓர் அங்குல உயரத்தில் நாலு மரம் முறுக்கினாள். முறுக்கிய வேலையில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது கிளை.

சனிக்கிழமை மதியம் டேப்பின் மேல் அவள் ஒரு செருப்பு டப்பாவை வைத்தாள். அவன் ஒரு தகர டப்பாவை வைத்தான். இருவரும் ஒரே நேரத்தில் மூடியைத் திறந்தார்கள்.

தகர டப்பாவில் பாதி வரை கரும்பச்சை. தூள் அல்ல, துண்டு துண்டாக ஸ்பாஞ்சு. பாத்திரம் தேய்க்கலாம்.

"யோவ், என்னய்யா இது?"

பதினோரு வருடமாக 'என்னங்க' என்ற வாய் அது.

"கரும்பச்சை. அரை டப்பா. சந்தேகமா இருந்தா அளந்து பாத்துக்க."

"அரைன்னா மிக்சில போட்டு அரைன்னு அர்த்தம்!"

"ஓ, அப்படி ஒரு அர்த்தம் இருக்கா? முழு டப்பா, அரை டப்பான்னுதானே நம்ம கணக்கு. எனக்கு எழுத்து தெரியும், எழுதினவ மனசு தெரியாது. இத்தனை வருஷமா தெரியல, இன்னிக்கா தெரியப்போகுது?"

சொல்லிக்கொண்டே செருப்பு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளங்கையில் நாலு மரத்தையும் கொட்டினான்.

"இது என்ன, பல் குத்தறதுக்கா?"

"ஓரடி மரங்க. நம்ம மேஜைல அடின்னா பொம்மை அடி. ஐயா போட்ட சட்டம்."

"பொம்மை அடியில ஓரடின்னா அது மரமாடி? செடி!"

"அதை எழுதறப்ப யோசிச்சிருக்கணும். கண்ணாடி வெச்சுப் பாருங்க, கிளை எல்லாம் சரியா இருக்கும்."

அவன் பல்லைக் கடித்தான். சுவரில் கடிகாரம் ஒன்றரையைக் காட்டியது. இலை ஒட்டிக் காய ஒரு ராத்திரி வேண்டும். இருவருக்கும் அது தெரியும்.

"சரி விடு," என்று அவன்தான் இறங்கி வந்தான். "மிக்சிய ஓட்டித் தர்றேன். நீ நாலு மரம் ஒழுங்கா முறுக்கிக் குடு. ரெண்டு பேரும் முழுசா வெப்போம். குட்டி பாத்துச் சொல்லட்டும்."

பேரம் நியாயமான பேரம். அதுதான் அவளுக்கு உறுத்தியது. டேப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். குளத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து நிஜத் தண்ணீராகப் பளபளத்தது. முட்டை ஓட்டு நடைபாதை வாசற்படி வரை வளைந்து போயிற்று. அதில் அவள் கையால் நாலு நல்ல மரம் நட்டால் குட்டி எதை எடுப்பாள் என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம்.

"முதல்ல நீ அரை," என்றாள்.

"முதல்ல நீ முறுக்கு."

"அரைச்சப்பறம் முறுக்கறேன்."

"முறுக்கினப்பறம் அரைக்கறேன். உன்ன நம்பி மிக்சிய ஓட்ட நான் என்ன இளிச்சவாயனா?"

"உன்ன நம்பித்தான் கழுத்த நீட்டினேன். பட்டது போதும்."

மூன்று மணி வரை முதல்ல நீ, முதல்ல நீ. பிறகு அவன் மிக்சியைக் கைக்குழந்தைபோல இடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்த் தாழ் போட்டான். அவள் கத்தரிக்கோலால் ஸ்பாஞ்சை நறுக்கத் தொடங்கினாள். அக்கம்பக்கத்தில் மிக்சி கேட்டிருக்கலாம், சாப்பாட்டு மிக்சியில் ஸ்பாஞ்சா என்று விரட்டியிருப்பார்கள். விரல் கொப்பளித்தது. தான் ஜெயிக்க முடியாது என்பது மாலைக்குள் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவனும் ஜெயிக்க மாட்டான் என்ற நினைப்பு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலோடு நன்றாகவே தூங்கினாள்.

ஞாயிறு காலை மாமா ஸ்கூட்டரில் வந்தார். குட்டி ஐந்தரை அங்குல பொம்மை அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

முதலில் அப்பாவின் தோட்டத்தில் நிறுத்தினாள். குளம், பாதை, பச்சைப் பசேலென்று புல். மரங்கள் பொம்மையின் முழங்காலுக்குக் கீழே நின்றன. ஓரத்தில் அவனே முறுக்கிய ஒரு பிரஷ்.

பிறகு அம்மாவின் தோட்டத்தில். ஏழு உயரமான மரங்கள், வளைவும் கிளையுமாக அசலே தோற்கும். பொம்மையின் கை பட்டதும் பச்சைக் கட்டிகள் பொலபொலவென்று மொட்டைப் பலகையில் உதிர்ந்தன.

"உங்கப்பா அரைச்சுத் தரல," என்றாள் கம்பி.

"உங்கம்மா ஏமாத்திட்டா," என்றான் தூள்.

குட்டி டேப்பின் மேல் இருந்த இரண்டு சீட்டையும் வாய்விட்டுப் படித்தாள். அந்த மேஜைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள். அரைக்கும் அடிக்கும் அவளுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

குட்டி மாமாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். ஒரு சீட்டை உரித்தெடுத்து, குனிந்து அதன் பின்புறம் ஏதோ எழுதி, டேப்பின் நட்ட நடுவில் ஒட்டினாள். பொம்மை வீட்டை மாமாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, தன் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கிய பிறகு, இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு தலை அந்தச் சீட்டின் மேல் குனிந்தது. பதினோரு வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் குனிந்து அவர்கள் ஒன்றைப் படித்ததில்லை.

'அம்மா: மரம் 7. இலை 0. தரை 0.
அப்பா: தரை 1. குளம் 1. மரம் 0. பிரஷ் 1.
வந்தது: தோட்டம் 0.
பாக்கி: ஆளுக்கு ஒண்ணு. அதுவரைக்கும் மாமா வீடு.'