நாய் போன பிறகு

எலித் தெள்ளு கடித்துச் சூரத்தில் பிளேக் பரவுவதாக ரேடியோவில் சொன்ன அன்றே என் கணவர் சூசைமரியானுக்கு உதறல் எடுத்துவிட்டது. எங்கள் நாய் கருவாயன் உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. குளிப்பாட்டி வேப்பெண்ணெய் தடவலாம், வீட்டையும் கழுவிவிடலாம் என்றேன். என் பேச்சை அவர் எந்தக் காலத்தில் கேட்டார்? நாயைச் சாக்கில் கட்டி மொபெட்டில் ஏற்றிக்கொண்டுபோய், கீழச்சிவல்பட்டிக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில், கருவாயன் படுத்துக்கிடந்த கூடத்தில் நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் வெள்ளை வேட்டியில் எள்ளைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். தட்டத் தட்டத் தாவின. தரை இடுக்கிலிருந்து இன்னும் ஏறி வந்தன.

"நாய்தான் போயிருச்சே, இதுக எங்குட்டிருந்து வருது?" வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்.

"எங்கயும் போகல. தரையிலதான் கிடந்துருக்குக. இத்தன நாளா கடிக்க நாய் இருந்துச்சு. இப்ப நாமதான இருக்கோம்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அதே கூடத்தில், பாயில், குழந்தை பெல்சி தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே காலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.