லைட்டு சைக்கிள்

எனக்குத் தூக்கம்தான் எதிரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஆளாளுக்கு என்னைத் திட்டக் கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆர்கான் வெல்டிங் செய்கிறேன். அலுமினியம் மட்டும்தான். பதினேழு வருஷமாக செகண்ட் ஷிப்ட். மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனால் பதினொன்றுக்கு வெளியே. ரயில் பிடித்துத் திருநின்றவூரில் இறங்கி, வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் கண்ணுக்குள் அந்த நீல வெளிச்சம் ஆடிக்கொண்டே இருக்கும். என் பெண்டாட்டி நாகம்மா காலை ஆறேகாலுக்குக் கிளம்பிவிடுவாள். பூந்தமல்லி பக்கம் ஒரு குடோனில் பேக்கிங் வேலை. அவள் வீடு திரும்பும்போது நான் வேலையில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில் இருப்போம், ஆனால் நான் பிணமாகத் தூங்குவேன். ஆக, நாங்கள் பேசிக்கொள்வது அவள் தலை வாரும் அந்தப் பத்து நிமிஷம்தான். அவள் பேசுவாள். நான் கண்ணை மூடியபடி 'உம்' கொட்டுவேன்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் அப்படித்தான் சொன்னாள்.

"யோவ், சைக்கிளு லைட்டு வோணும்யா. இல்லாங்காட்டி நா வேலய வுட்டு நின்னுடுவேன். கேக்குதா?"

"உம்."

மேலும் ஏதோ சொன்னாள். அதற்குள் எனக்குக் கண் சொருகிவிட்டது.

பத்து மணிக்கு எழுந்து பல் விளக்கும்போதுதான் அந்த 'நின்னுடுவேன்' மண்டையில் ஏறியது. பயந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சோறு வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும். கூப்பிட்டால் பதில் வராது. ஒன்றரை வருஷம். அந்தக் குடோன் வேலைதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. அங்கே சிம்ரன் என்று ஒரு பெண்ணாம், அவள் சூப்பர்வைசரைப் போல நடந்து காட்டுவாளாம். அதைச் சொல்லிச் சொல்லி நாகம்மா சிரித்த அன்றைக்கு நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். அவள் வேலையை விட்டால் மறுபடி அந்தச் சுவர்தான். சம்பளம் கிடக்கட்டும், எனக்கு அந்தச் சுவர் வேண்டாம்.

சைக்கிள் ஏன் லைட்டாக வேண்டும் என்பதும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெரிய புத்திசாலி அல்லவா நான்! குடோன் வேன் அவளை இறக்கிவிடும் கூட்டுரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். கொஞ்சம் தார், கொஞ்சம் ஜல்லி, மீதி பிளாட் போட்டவர்கள் அப்படியே விட்டுப் போன மண் ரோடு. நடுவில் ஏரிக் கால்வாய்ப் பாலம் இடிந்து ஒரு வருஷம் ஆகிறது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். அவளுடைய பழைய லேடீஸ் சைக்கிள் பத்தொன்பது கிலோ. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பின்னே, லைட்டு வேண்டாமா? எங்கள் முதலாளி ஹேமநாதன் ஒவ்வொரு டிராயிங்கையும் விரித்து வைத்துச் சொல்வதும் அதைத்தானே. "லைட்டா வரணும் வேம்புலி. கிராம் கொறைக்கணும்." பதினேழு வருஷமாக லைட்டு லைட்டு என்று கேட்ட காது இது.

கடையில் விற்கும் மவுண்டன் பைக்கெல்லாம் பதினைந்து, பதினாறு கிலோ. பார்வைக்குத்தான் பயில்வான். நானே செய்வது என்று முடிவு செய்தேன். சேறு, ஜல்லி, தார் எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி, பத்து கிலோவுக்குள்.

முதலாளி சரி என்றார், ஷிப்டுக்கு முன்னால் மட்டும். அதனால் பன்னிரண்டு மணிக்கே பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். இருந்த தூக்கத்திலும் இரண்டு மணி நேரம் போயிற்று. நாகம்மாவின் பழைய சைக்கிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு ஓட்டிக்கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுநாள் சீட்டுக்கும் பெடலுக்கும் எவ்வளவு, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் எவ்வளவு என்று அளவெடுத்தேன். அவள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. அவள் உயரத்துக்கு எந்தக் கம்பெனியும் ஃபிரேம் செய்வதில்லை. அளவெடுத்து முடித்ததும் அதைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். எங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் பாபு அதன் முன்விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணாத்தே, இத்தயாவது புதுசுல மாட்டலாமே."

"எரியாத லைட்டு எதுக்குடா? டைனமோவோட சேத்து முக்கா கிலோ. தூக்கிப் போடு."

போட்டான்.

சக்கரம், பிரேக், கியர் எல்லாம் பிரசன்னாவிடமிருந்து வந்தன. கரையான்சாவடியில் ஃபிளாட்டில் இருக்கும் ஐ.டி. தம்பி, கரூர்க்காரர். தொப்பை குறைக்க வெளிநாட்டு சைக்கிள் வாங்கி, நாலு தடவை ஓட்டி ஒரு தடவை விழுந்து, ஃபிரேமை விரிசல் விட வைத்து, பால்கனியில் துண்டு காயப்போட வைத்திருந்தார். அவருக்கு பால்கனி கேட்டை ஒட்டிக் கொடுத்தேன், சைக்கிளைக் கொடுத்துவிட்டார்.

"அண்ணா, இதெல்லாம் மலையில ஓட்டுற பார்ட்ஸுங்ணா. நீங்க எந்த மலைக்குப் போறீங்க?"

"எங்க ஊரு ரோட்ட வந்து பாரு தம்பி, தெரியும்."

முதல் ஃபிரேம் கோணிக்கொண்டது. அலுமினியத்தை ஒட்டினால் ஒட்டிய இடம் இளகிவிடும். திரும்பச் சூளையில் வைத்துப் பதம் ஏற்ற வேண்டும். எங்கள் கம்பெனி லோடு சூளைக்குப் போகும்போது அதில் ஒரு ஓரமாக வைத்து அனுப்பினேன். திரும்பி வந்தபோது பின்சக்கரத்தைப் பிடிக்கும் கால் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்தன. கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு அறுத்துப் போட்டேன். மறுபடி குழாய் வெட்டி, மறுபடி ஒட்டி, மறுபடி லோடுக்குக் காத்திருந்து. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ரயிலில் நின்றுகொண்டே தூங்கி, இரண்டு முறை வேப்பம்பட்டு வரை போய்விட்டுத் திரும்பினேன்.

காலையில் நாகம்மா கேட்பாள்.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஆவுது, ஆவுது."

"ஒரு லைட்டுக்கு இம்மா நாளா?"

எனக்குக் கோபம் வரும். லைட்டு என்றால் சும்மாவா? ஒவ்வொரு கிராமுக்கும் உயிர் போகிறது, இவளுக்கு எங்கே தெரியும் என்று மனசுக்குள் கத்திவிட்டுத் திரும்பிப் படுப்பேன்.

"இருந்த சைக்கிளயும் எடுத்துனு பூட்ட. தெனம் நடந்து வரேன்யா."

"நட, நல்லதுதான். டாக்டரே நடக்கச் சொன்னாரே."

அப்படிச் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இரண்டாவது ஃபிரேம் நேராக வந்தது. முன்னால் ஷாக் அப்சார்பர் வைக்கவில்லை, அது தனியாக இரண்டு கிலோ தின்னும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையையும் அலுமினியத்திலேயே செய்து போட்டேன். முன்பக்கம் ஒரே பல்சக்கரம், பின்பக்கம் எட்டு. போல்ட்டுகளைக்கூட நுனி சீவிப் போட்டேன். பாபு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மக்கார்டு இல்ல. அண்ணிக்கு சைக்கிளு செய்யிறியா, எலும்புக்கூடு செய்யிறியா? ஒரு பெல்லாவது வெய்யி அண்ணாத்தே."

"அவ வாய் பெல்ல விட நல்லா கேக்கும்டா."

கார்த்திகை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, கிரேன் கொக்கியில் தராசைக் கட்டி சைக்கிளைத் தொங்கவிட்டோம். ஒன்பது கிலோ எண்ணூறு. பட்டறையே கை தட்டியது. முதலாளி சுண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "வேம்புலி, கம்பெனி வேலய இப்டி ஒருநாள் செஞ்சிருக்கியா?" என்றார். அன்று ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டேன். பதினேழு வருஷத்தில் நான் என் வேலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேன் நிற்கும் கூட்டுரோட்டுக்கே போய் அவளை அசத்த வேண்டும் என்று ஐந்தரைக்கு ஏறி மிதித்தேன். வண்டி சும்மா பறந்தது. இடிந்த பாலத்தில் ஒரு கையால் தூக்கிக்கொண்டு தாண்டினேன். கூட்டுரோட்டுக் கடையில் ஒரு லைட் டீ வாங்கிக் குடித்துவிட்டு நின்றேன். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. மழை மேகம் வேறு. ஏழு பத்துக்கு வேன் வந்தது.

நாகம்மா இறங்கி என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள். "இன்னாய்யா, யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. இத்த பாரு. தூக்கிப் பாரு."

தூக்கினாள். எதிர்பார்த்த பாரம் இல்லாததால் கை சட்டென்று மேலே போயிற்று. "அய்ய! இன்னாய்யா இது, முறத்த தூக்குறா மாதிரி கீது!" என்று சிரித்தாள். வேனில் இருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், கால் சரியாக எட்டியது. அந்த முகத்தைப் பார்த்ததும் நாலு மாதத் தூக்கமும் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

வேன் போய்விட்டது. அவள் ஹேண்டில்பாரைத் தடவினாள். குனிந்து முன்பக்கம் பார்த்தாள். பின்னால் பார்த்தாள்.

"லைட்டு எங்கய்யா?"

"இதான்மே லைட்டு. ஒம்போது கிலோ எண்ணூறு."

"அது சரி. லைட்டு? எரியுற லைட்டு?"

நான் ஹேண்டில்பாரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"யோவ்... நா லைட்டு கேட்டன்யா. பழய சைக்கிள்ள பல்பு பூட்சி, மாத்திக் குடுன்னு கேட்டேன். ஒரு பல்புயா!"

அந்த விளக்கை எந்தக் குவியலில் போட்டோம் என்பதுகூட நினைவுக்கு வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சைக்கிளை என் பக்கம் தள்ளிவிட்டு, "வா, நடப்போம்" என்றாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

கடை வெளிச்சம் நூறு அடியில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. நான் நள்ளிரவில் ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிறவன். அங்கே கம்பத்துக்குக் கம்பம் விளக்கு எரியும். இந்தப் பக்கத்துச் சாயங்காலத்தை நான் பார்த்ததே இல்லை. என் பெண்டாட்டி தினமும் வரும் வழி. எங்கோ நாய்கள் குரைத்தன. ஒரு டிப்பர் லாரி வந்து கண்ணைப் பறித்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு இருட்டு இன்னும் மோசமாயிற்று.

"போன்ல டார்ச்சு இல்லியா?"

"போன நீட்டிக்கினு நடந்தா பைக்குல வரவன் புடுங்கினு போறான். சிம்ரனுது அப்டித்தான் போச்சு." சட்டென்று என் சட்டையைப் பிடித்து இடதுபக்கம் இழுத்தாள். "ரைட்ல பள்ளம். பாத்து."

"உனக்கு எப்டி தெரியுது?"

"வேன்லேர்ந்து முந்நூத்தி நாப்பது அடில இந்தப் பள்ளம். அப்பால அறுநூறுல ஜல்லி. பாலம் ஆயிரத்தி நூறு. எண்ணிக்கினே வருவேன். மொத ஒரு வாரம் ரெண்டு வாட்டி வுழுந்தேன். அப்பாலதான் எண்ண ஆரம்பிச்சேன்."

"சொல்லவே இல்லியே."

"சொன்னேன். நீ உம்முன்ன."

"இனிமே நடக்க வேணாம்மே. சைக்கிள்ல..."

"சைக்கிள்ள போனா எப்டிய்யா அடிய எண்ணுறது?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "நேத்து சூப்பர்வைசராண்ட சொல்ட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்குறேன்னு. சிம்ரன் அழுவுறா."

நான் நின்றுவிட்டேன். அந்தச் சுவர் என் கண்முன் வந்தது. ஒன்பது கிலோ எண்ணூறு கிராம் கையில் இருக்கிறது, பத்து விரலால் தடவிப் பார்த்தாலும் அதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"நாகு, நிக்காதமே. நாளைக்கே லைட்டு மாட்றேன். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. எம்மா வெயிட்டு வந்தாலும் பரவால்ல."

"ஒரு பல்புக்கு நாலு மாசம். ரெண்டு லைட்டுக்கு எத்தினி மாசம் ஆவும்?"

"நாளைக்கி. சத்தியமா நாளைக்கி. திங்கக்கெழம போயி, நிக்கலன்னு சொல்லிடு."

"பாக்கலாம்" என்றாள்.

அவள் செருப்புச் சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பிடித்தபடி நடந்தேன். எனக்கு அந்த ஆடி மாதக் காலை முழுவதும் வேண்டும் போலிருந்தது.

"அன்னிக்கி லைட்டு கேட்டப்ப, அதுக்கு மேல இன்னாவோ சொன்னியே. நா தூங்கிட்டேன். இப்ப சொல்லு. முழுசா கேக்குறேன்."

"ஊட்டுக்குப் போயி சொல்றேன்" என்றாள் நாகம்மா. "இப்ப பேசுனா எண்ணிக்க தப்பிடும்."