டிரைவர் பக்கத்துக் கதவு

என் தங்கை ராஜகுமாரி வேலை பார்க்கும் தையல் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வேலப்பன்சாவடிக்கு மாறியபோது, அவளுக்குக் கார் செய்து தருகிறேன் என்று சொன்னேன். வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பாடியில், டிரெய்லர் லாரிக்குச் சேசிஸ் கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கிறவன் நான். வேறு எப்படிச் சொல்வேன்?

அவளுக்கு மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போயின. காலுக்கு இரும்புப் பட்டி வைத்த காலிபர் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் ஊன்றுகோலோடு நடப்பாள். எஸ்டேட் எங்கள் வீட்டுக்குப் பக்கம். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போய் வந்துகொண்டிருந்தாள். வேலப்பன்சாவடி அப்படி இல்லை. அயனம்பாக்கம் தாண்டிப் போக வேண்டும், நெடுஞ்சாலையில் லாரிக்கு நடுவில் புகுந்து வர வேண்டும். மாறிய முதல் மழைக்காலத்திலேயே இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை ஒரு தண்ணி லாரி அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு மழைக்கு இந்த ஸ்கூட்டர்ல போமாட்டேண்ணா. நீ சொன்ன கார் வந்துச்சுன்னா வேலை. இல்லாங்காட்டி ஊட்லயே கீறேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் கணக்கு முடித்த மாதிரி சொன்னாள். இருபத்திரண்டு வருஷ வேலை. செக்கிங் டேபிளில் பதினான்கு பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அவள் வீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்களையெல்லாம் செக்கிங் பண்ணுவாள்.

கார் வேப்பம்பட்டில் கிடைத்தது. ஒரு வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஆறு வருஷமாக நின்ற வெள்ளை மாருதி எண்ணூறு. கொட்டகை ஒழுகி, தண்ணீர் காருக்குள் தேங்கித் தரைத் தகடு அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. பேட்டரி மாற்றி, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். இரண்டு இருமல் இருமிவிட்டு ஓடியது. வண்டியை வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நிறுத்தி, முன்னாலும் பின்னாலும் ஹாலோ பிளாக் அடுக்கித் தூக்கி வைத்தேன். துணி காயப்போட இடமில்லை என்று என் மனைவி பார்வதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் காரின் மேலேயே துணியைக் காயப்போட ஆரம்பித்தாள்.

கையால் ஓட்டுவதற்கான லீவர்களை அரசாங்க அனுமதியோடு செய்து விற்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர் வரும். அழுத்தினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். கிளட்சுக்குக் கியர்க் கொம்பிலேயே ஒரு பிடி. அதையெல்லாம் அவரே வந்து மாட்டிவிடுவார். ஆனால் மாட்டுவதற்குத் தரை வேண்டுமே. தரையும் பாடியும் என் வேலை.

பகலில் பட்டறை. மாலையில் வந்து டீ குடித்துவிட்டுக் காருக்கு அடியில் படுப்பேன். முட்டி மடங்காது, ஒருக்களித்துத்தான் எழுந்திருப்பேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் டப்பாவில் போட்டு, மேலே காகிதம் ஒட்டி எழுதி வைத்தேன். நாற்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பில் படித்த எழுத்து. பெரிசு பெரிசாக இருக்கும். எந்த டப்பாவையும் இரண்டு தடவை திறக்க வேண்டியிருக்கவில்லை.

கார்க் கதவுக்கு அடியில் நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் படி மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் காருக்கு இடுப்பு. டிரைவர் பக்கத்தில் அது முழுக்க உளுத்துப்போயிருந்தது. கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு, உளுத்ததை வெட்டி எடுத்தேன். பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்த மூன்று மில்லி பிளேட்டை வைத்து ஒரே மூச்சில் வெல்டிங் அடித்தேன். நூல் பிடித்த மாதிரி வந்தது. அடித்து முடித்து நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவடி டேங்க் பேக்டரியில் ரிட்டயர் ஆகி எங்கள் தெருவில் வீடு கட்டி வந்த அழகேசன் சார் தினமும் ஒரு ரவுண்டு வந்து பார்ப்பார். அந்தப் பிளேட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன துலுக்கானம், கார் பண்றியா டேங்க் பண்றியா?"

"லாரி வந்து மோதினாலும் லாரிக்குத்தான் சார் சேதாரம்" என்றேன்.

தரைத் தகடும் போட்டு முடித்ததும் லீவர்க்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார். ராஜகுமாரி ஏற்கனவே ஞாயிறுதோறும் கையால் ஓட்டும் வண்டி வைத்திருக்கும் டிரைவிங் ஸ்கூலில் பழகிக்கொண்டிருந்தாள். ஆர்.டி.ஓ. ஆபீசில் தேதி கொடுத்துவிட்டார்கள், வியாழக்கிழமை. வண்டியையும் பார்ப்பார்கள், அதிலேயே அவளும் ஓட்டிக் காட்ட வேண்டும். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. மேற்கே வானம் அப்போதே கறுத்துக்கொண்டு வந்தது.

வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை டிரைவர் பக்கத்துக் கதவை மாட்டினேன். மூடவில்லை.

மேல் மூலை இடித்தது. கீலைத் தளர்த்தி ஏற்றினேன், கீழே இடித்தது. கதவு நிற்கும் வாசலை அளந்தேன். உயரம் சரி. அகலம் சரி. அப்படியானால் கதவுதான் கோணல் என்று முடிவு கட்டினேன். கதவின் விளிம்பை கிரைண்டரால் தேய்த்து, ஒரு கட்டையை வைத்து நாலு தட்டுத் தட்டி, பூட்டு கவ்வுகிற இரும்பை நகர்த்தி வைத்தேன். சாயங்காலம் ஓங்கி இழுத்தால் மூடியது. பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் ஒருத்தனுக்கும் தெரியாது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ராஜகுமாரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் காலிபரை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு கதவை மூடப் பார்த்தாள். அவளால் முடியவில்லை. நான் வெளியிலிருந்து தள்ளி மூடினேன். லீவரை எல்லாம் இழுத்துப் பார்த்தாள், கண்ணாடியைச் சரிபண்ணினாள், சிரித்தாள். பிறகு இறங்குவதற்காகக் கைப்பிடியை இழுத்தாள். கதவு வரவில்லை. தோளால் ஒரு இடி இடித்தாள். வரவில்லை. காலை ஊன்றி உந்தினால் திறக்கும். நான் அப்படித்தான் திறந்து பார்த்திருந்தேன். அவளுக்கு எதை ஊன்ற?

நான் வெளியே நின்று ஒரு இழுப்பில் திறந்துவிட்டேன். புது ரப்பர், போகப்போகச் சரியாகிவிடும், வியாழக்கிழமை நான் பக்கத்திலேயேதான் இருப்பேன் என்று என்னென்னமோ சொன்னேன். அவள் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

"வியாழக்கெயம நீ கீற. வெள்ளிக்கெயம நடு ரோட்ல வண்டில பொக வந்துச்சுன்னா யாருண்ணா தொறப்பா?"

அவள் ஸ்கூட்டரில் விழுந்தாலாவது ரோட்டில் கிடப்பாள், யாராவது தூக்குவார்கள். நான் அவளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப் பார்த்திருக்கிறேன்.

கதவு கோணலாக வந்துவிட்டது, அதுதான் பிரச்சினை என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். வாசலை அளந்தேன், உயரமும் அகலமும் சரியாக இருக்கிறது என்றேன். அவள் ஊன்றுகோலை வாங்கி இறங்கி, உள்ளே போய் அவளுடைய இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலின் கீழ் மூலையில் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, எதிர் மேல் மூலைக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தாள். பிறகு அந்தப் பக்கம் போய், நான் தொடாத இடதுபக்க வாசலையும் அதே மாதிரி குறுக்கே அளந்தாள்.

"அரை இஞ்சு வித்தியாசம். கதவு நேராத்தான் கீது. வாசப்படிதான் சாஞ்சிருச்சு."

அவர்கள் கம்பெனியில் தைக்கிற ஆஸ்பத்திரி பெட்ஷீட் செக்கிங் டேபிளுக்கு வரும்போது நீளம் அகலம் யாரும் பார்ப்பதில்லையாம். மூலைக்கு மூலைதான் பார்ப்பார்களாம். நாலு பக்கமும் சரியாக இருந்தும் துணி கோணலாக இருக்கும் என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பட்டறையில் எட்டு மில்லி பிளேட்டை இரும்பு மேடையில் படுக்க வைத்து, சுற்றிலும் கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொடுவோம். பிளேட்டால் நகரவே முடியாது. இருபத்தாறு வருஷத்தில் பொருள் அசையுமா என்று நான் யோசித்ததே இல்லை, அது மேடையின் வேலை. இங்கே மேடை ஏது? முன்னாலும் பின்னாலும் ஹாலோ பிளாக், நடுவில் ஒன்றுமில்லை. நான் இடுப்பை வெட்டி எடுத்ததும் கார் தொங்கிவிட்டது. தொங்கினது தெரியாமல், தொங்கின மேனிக்கே மூன்று மில்லி பிளேட்டை வைத்து கெட்டியாக்கிவிட்டேன். நம் கைவேலை பலமாக இருந்ததால் தப்பும் பலமாகவே நின்றது.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பார்வதம் டீ கொண்டுவந்து வைத்தாள். வியாழனுக்கு நாலு நாள்தான் இருந்தது. ராஜகுமாரி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்து கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டினேன். நூல் பிடித்த மாதிரி வந்திருந்த என் வெல்டிங்கை நானே வெட்டினேன். பொறி காம்பவுண்டு சுவர் வரைக்கும் தெறித்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு சொன்னேன். சனிக்கிழமை தட்டின கதவைத் திரும்பத் தட்டி நிமிர்த்தி, நகர்த்தின பூட்டு இரும்பைப் பழைய இடத்திலேயே வைத்தேன். நடு இடுப்புக்கு நேராக, உள்தரையின் கெட்டியான குறுக்குத் தண்டுக்கு அடியில் பலகை போட்டு, ஜாக்கி வைத்தேன். ராஜகுமாரியும் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து டேப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜாக்கியை ஒரு சுற்று சுற்றுவேன், அவள் அளவைச் சொல்வாள். கால் இஞ்சு வந்தது. அப்புறம் நூல் நூலாக வந்தது. இடதுபக்க அளவும் வலதுபக்க அளவும் ஒன்றானதும் "வுடு, தொடாத" என்றாள்.

கதவு மூடுவதற்கு இடிக்காமல், வாசலுக்கு உள்பக்கமாகக் குறுக்கே இரண்டு ஆங்கிள் இரும்பை வைத்து வெல்டிங்கில் பிடிக்க வைத்தேன். அதுதான் எங்கள் மேடை. இந்தத் தடவை காருக்குத் தக்க மெல்லிய தகடு, அதற்கென்றே வாடகைக்கு எடுத்து வந்த சி.ஓ.டூ வெல்டிங் மெஷின். ஒரே மூச்சில் அடிக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. ஆறவிட்டு, கதவை மாட்டி மூடிப் பார்த்து, டேப்பைக் குறுக்கே வைத்து, அப்புறம் அடுத்த பொட்டு. துணியை முதலில் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு பிறகு மெஷினில் விடுவதில்லையா, அந்த மாதிரிதான் என்று அவள் சொன்னாள். வேகம் பத்தாது என்று எனக்குக் கை பரபரத்தது. அவள் அளந்து முடிக்காமல் வெல்டிங் டார்ச்சைத் தொட விடவில்லை.

அழகேசன் சார் வந்து, டேங்க் எங்கே போச்சு என்று கேட்டார். வாபஸ் வாங்கியாச்சு என்றேன்.

செவ்வாய் சாயங்காலம் ராஜகுமாரி வேலையிலிருந்து வந்ததும் ஆங்கிளை வெட்டி எடுத்து, ஜாக்கியை இறக்கி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தினோம். கதவு நின்ற இடத்திலிருந்து ஒற்றை விரலால் தள்ளினேன். டப்பென்று மூடியது. அவளை உள்ளே உட்கார வைத்து நான் சந்தின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டேன். அவள் மூடினாள், திறந்தாள். மூடினாள், திறந்தாள். பன்னிரண்டு தடவை. எண்ணினது நானில்லை, பார்வதம்.

புதன்கிழமை பிரைமரும் பெயிண்டும். வெள்ளைக்கு வெள்ளை சேரவில்லை, அந்தக் கதவு மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. இருக்கட்டும் என்றாள்.

வியாழக்கிழமை என்னை மைதானத்துக்குள் விடவில்லை. கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். இன்ஸ்பெக்டர் இளம் ஆள். லீவர்க்காரர் கொடுத்த பேப்பரைப் பார்த்தார், லீவரை அழுத்திப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். நான் அடித்த பொட்டுகளைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. பார்க்கட்டும். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். வளைத்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள், பின்னால் விட்டாள். கடைசியில் அவர் இறங்கி எட்டி நின்றுகொண்டு, யாரும் உதவாமல் நீங்களே இறங்கி வாருங்கள் என்றார்.

கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல் வந்தது, பிறகு காலிபர், பிறகு அவள். பின்னால் கையை வீசி ஒரு தட்டுத் தட்டினாள், கதவு மூடியது. இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, அவரும் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். யார் வேலை என்று அவர் கேட்டது வேலியில் நின்ற என் காதிலும் விழுந்தது.

"வெல்டிங் எங்க அண்ணன் சார். அளவு நானு."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் நானும் கூட வருகிறேன், வேலப்பன்சாவடியில் இறங்கிப் பாடிக்குப் பஸ் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அது சுற்றுவழி, உனக்கு வேலைக்கு நேரமாகும் என்று சொல்லிவிட்டாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். தெருமுனையில் வெள்ளைக் கார் திரும்பியது, ஒரு கதவு மட்டும் பளிச்சென்று. கையைக் காட்டினேன். அவள் ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது, அங்கே நிறுத்தக் கூடாது. ஓட்டத் தெரிந்தவர்கள் நிறுத்த மாட்டார்கள்.